தர்சியின்ரை காப்பும் மூண்டு அணு மொத்தக் கல்லும்

1

காங்கேசன்துறையிலையிருந்து நாகப்பட்டினத்துக்குத் திரும்பக் கப்பல் விட்டினமெல்லோ, அந்தக் கிழமைதான் தர்சி எங்கடை வீட்டுக்கு வந்தது. எனக்குத் திகதி சொன்னால் மனசிலை நிக்காது, கப்பல் சொன்னால் நிக்கும். செல்வராசா போன் எடுத்து, "அண்ணை, கப்பலும் வெளிக்கிட்டிட்டுது, பிள்ளையும் வெளிக்கிட்டிட்டுது" எண்டு ஒரே மூச்சிலை சொன்னவன். நான் பிள்ளை கப்பலிலை வருகுதாக்கும் எண்டு நினைச்சு, நோர்வேக்கு அது எந்தக் கடலாலை வரும் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். மனுசிதான் சொன்னவ, "பிளேனிலையப்பா. நாளைக்குப் பின்னேரம். முதலிலை அந்தச் சப்பாத்துகளை வாசலாலை எடுங்கோ" எண்டு.

செல்வராசா என்ரை சித்தப்பாவின்ரை மகன். கோப்பாயிலை வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவன். அவன்ரை மனுசி பவளம். பவளத்தை உங்களிலை கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும், சந்தையிலை அவ விலை பேசினால் ரெண்டு கடை தள்ளிக் கேக்கும். தர்சி அவையின்ரை ஒரே பிள்ளை. நான் இருக்கிற இந்தப் பட்டினத்துப் பல்கலைக்கழகத்திலை ஆராய்ச்சி செய்ய வந்தவள். எங்கடை பிள்ளையள் ரெண்டும் கலியாணம் முடிச்சுப் போனதிலை மேல் அறை சும்மா கிடந்தது. அதிலைதான் இருக்கிறாள். நான் அவளுக்குப் பெரியப்பா, என்ரை மனுசி கனகம் பெரியம்மா.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், போன மாரி தொடக்கம் பவளம் பெத்த பிள்ளையோடை கதைக்கிறேல்லை. பிள்ளை கையிலை கட்டின கௌரி விரதக் காப்பு நூலைக் கழட்டிப்போட்டாள் எண்டு கோவம். ஊரிலையும் ஆளுக்கொரு கதை கதைக்கினமாம். என்ன நடந்தது எண்டு கண்ணாலை கண்டவன் நான். ஊர்ச் சங்கத்து மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டவை. நான் பள்ளிக்கூடப் பக்கம் கனகாலம் போனவன் இல்லை. நான் சொல்லச்சொல்ல என்ரை மகள் சுதா கொம்பியூட்டரிலை அடிக்கிறாள். இடையிலை இடையிலை "அப்பா, விசயத்துக்கு வாங்கோ" எண்டுறாள். வாறன். மெல்ல வாறன்.

2

தர்சி வந்த புதிசிலை ஒருநாள் சாப்பாட்டு மேசையிலை கேட்டனான்.

"பிள்ளை, நீ அங்கை என்னத்தை ஆராயிறாய்?"

"கல்லு உரிக்கிறன் பெரியப்பா."

"கல்லையோ?"

"ஓம். வெங்காயம் உரிக்கிறமாதிரித் தட்டுத் தட்டாய்."

கனகம் சோத்துக் கரண்டியைக் கீழை வைச்சிட்டா. "வெங்காயம் உரிக்கிறதெண்டால் கோப்பாயிலையே இருந்திருக்கலாமே. கொப்பர் வீட்டிலை மலைமாதிரிக் குவிஞ்சு கிடக்கும்."

பிள்ளை சிரிச்சுப்போட்டு மேலை போய் ஒரு சின்னப் பெட்டி கொண்டந்தாள். அதுக்குள்ளை நகத்தளவிலை ஒரு கல்லு. கறுப்பு, ஆனால் பென்சில் கரிமாதிரி மினுங்குது. மொலிப்டினம் எண்டொரு உலோகமும் கந்தகமும் சேர்ந்து மண்ணுக்குள்ளை விளையிற கல்லாம். ஒரு துண்டு ஒட்டுற ரேப்பை எடுத்து அந்தக் கல்லிலை தொட்டு எடுத்தாள். ரேப்பிலை வெள்ளிப் பொடிமாதிரிக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ரேப்பை மடிச்சு ஒட்டினாள், மெல்ல இழுத்துப் பிரிச்சாள். ஒண்டு ரெண்டாய்ப் போச்சு. திரும்ப மடிச்சு, திரும்பப் பிரிச்சாள். ஒவ்வொருக்காலும் அந்த மினுக்கம் மெலிஞ்சு மெலிஞ்சு கடைசியிலை என்ரை கண்ணுக்கு ரேப்பு மட்டும்தான் தெரியுது.

"முடிஞ்சுதோ?" எண்டன்.

"இப்பத்தான் தொடங்குது பெரியப்பா. இதிலை எங்கையோ ஒரு இடத்திலை ஒரேயொரு தட்டு ஒட்டியிருக்கும். அதுக்குமேலை உரிக்கேலாது. மேலை கந்தகம், நடுவிலை உலோகம், கீழை கந்தகம். மூண்டு அணு மொத்தம், அவ்வளவுதான் தடிப்பு."

கனகத்துக்கு அது உடனை விளங்கியிட்டுது. "ரெண்டு பாணுக்கு நடுவிலை பட்டர் பூசினமாதிரி."

"அதேதான் பெரியம்மா."

எனக்குத்தான் மண்டைக்குள்ளை ஏறேல்லை. எவ்வளவு மெல்லிசு எண்டு திரும்பக் கேட்டன். "உங்கடை தலைமயிர் ஒண்டின்ரை மொத்தத்துக்கு இதை ஒரு லட்சம் தட்டு அடுக்கலாம்" எண்டாள். "அந்தாளின்ரை தலையிலை ஒண்டு பிடுங்கினால் பேந்து அளக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது" எண்டு கனகம் சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ளை போட்டா.

நான் அண்டைக்குக் கனநேரம் அந்த ரேப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். நான் வாலிபத்திலை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிலை மூட்டை தூக்கினவன். அது பெரிய கல்லை உடைச்சு, அரைச்சு, மாவாக்கிற இடம். காதுக்குள்ளை, கண்மடலுக்குள்ளை, சோத்துப் பொட்டலத்துக்குள்ளை எல்லாம் வெள்ளைப் பொடிதான். வேலை முடிஞ்சு சைக்கிளிலை கோப்பாய்க்கு வந்தால் தெருநாய் ஆளைத் தெரியாமல் குலைக்கும். கல்லெண்டால் அரைக்கிற சாமான் எண்டுதான் நான் அறிஞ்சது. அதைப் புகையிலைத் தட்டுப் பிரிக்கிறமாதிரி நோகாமல் பிரிக்கலாம் எண்டும், அப்பிடிப் பிரிக்கப் பிரிக்க அது வேறை குணம் காட்டும் எண்டும் எனக்கு இந்த வயசிலைதான் தெரியவந்தது.

3

வருசத்துக்கு ஒருக்கால் பல்கலைக்கழகத்திலை வெளி ஆக்களை விட்டுக் காட்டுவினம். தர்சி எங்களையும் கூட்டிக்கொண்டு போனவள். என்ரை மகன் ரமணனும் தன்ரை ரெண்டு பிள்ளையளோடை வந்தவன்.

அவள் வேலை செய்யிற அறைக்குள்ளை எங்களை விடமாட்டினம், கண்ணாடியாலை பார்க்கலாம். உள்ளுக்கை நிக்கிறவை தலையிலையிருந்து கால்மட்டும் வெள்ளை உடுப்பு, வாய் மூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியிலை. மோதிரம், காப்பு, பவுடர், சென்ற் ஒண்டும் ஆகாது. காத்தைக்கூடக் கழுவித்தான் உள்ளுக்கு விடுகினமாம். மேலையிருந்து காத்து வந்துகொண்டேயிருக்கும், நிலத்திலை உள்ள ஓட்டையளாலை போய்க்கொண்டேயிருக்கும், ஒரு தூசு நிண்டுபிடிக்கேலாது. நான் என்ரை சப்பாத்தைக் குனிஞ்சு பார்த்தன். கண்ணாடிக்கு இஞ்சாலை நிக்கவே எனக்குக் கூச்சமாய் இருந்தது.

அந்தக் கல்லாலை என்ன பயன் எண்டு அண்டைக்குத்தான் கேட்டன். அவள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனமாதிரிச் சொன்னாள்.

"பெரியப்பா, அப்பா வெங்காயத்துக்கு இறைக்கேக்கை என்ன செய்வார்? ஒரு பாத்தி நிறைஞ்சால் மடையை மண்வெட்டியாலை மூடிப்போட்டு அடுத்ததைத் திறப்பார். போனுக்குள்ளை, கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிறதும் மடைதான். தண்ணிக்குப் பதில் மின்சாரம். கோடிக்கணக்கிலை மடை, திறக்கிறதும் மூடுறதும்தான் வேலை."

"சரி."

"அந்த மடையளை வரவரச் சின்னனாக்கினம். சின்னனாக்க ஆக்க, மூடினாலும் கசியுது. போன் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும், சுடும். இப்ப மடை செய்யிற சிலிக்கன் எண்ட சாமானைக் கனக்க மெல்லிசாக்கினால் கரடுமுரடாய்ப் போகுது. இந்தக் கல்லு அப்பிடியில்லை. ஒரேயொரு தட்டாய் உரிச்சாலும் பளிங்குமாதிரி மட்டமாய் இருக்கும். இதிலை மடை கட்டினால் வடிவா மூடும்."

கசியிற மடை என்ன செய்யும் எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. பக்கத்துப் பாத்தி அழுகும், கிணத்துத் துலா மிதிக்கிறவன் வீணாய்ச் சாவான். அப்ப இந்தப் பிள்ளை மூண்டு அணு மொத்தத்திலை மடை கட்டப் பார்க்குது எண்டு விளங்கினவுடனை திரும்ப ஒருக்கால் கண்ணாடிக்குக் கிட்டப் போய் நிண்டு பார்த்தன்.

ரமணன்ரை பிள்ளையள் அவளைச் சுத்தி நிண்டு தங்கடை நோர்வேப் பாசையிலை கேள்வி கேட்டுக்கொண்டு நிண்டினம். என்னோடை "ஓம் தாத்தா, இல்லைத் தாத்தா"க்கு மேலை போகாத பிள்ளையள், அவளோடை அரை மணித்தியாலம் கதைச்சினம். ரமணனும் சேர்ந்து அந்தப் பாசையிலைதான். நான் நடுவிலை தூண்மாதிரி நிண்டன். தர்சி ஒவ்வொருக்காலும் திரும்பி, "தம்பி இப்பிடிக் கேக்கிறான் பெரியப்பா, நான் இப்பிடிச் சொன்னனான்" எண்டு எனக்கும் தமிழிலை சொல்லிப்போட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். என்ரை பேரப்பிள்ளையள் என்ன கேக்கினம் எண்டு எனக்கு இன்னொருத்தி சொல்லவேண்டியிருந்தது. அது வேறை கதை, விடுங்கோ. சுதா அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்க்கிறாள்.

தர்சிக்கு மேலை ஒரு பேராசிரியை. நெட்டை மனுசி, நரைச்ச கட்டைத் தலைமயிர். என்னட்டை வந்து, பார்த்தது எப்பிடி எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச நோர்வேப் பாசை முழுக்க நான் வேலை செய்த மீன் பக்டரியிலை படிச்சது. வாயிலை வந்ததைச் சொன்னன்: "நல்ல புதுசு. வடிவாய்ச் செதில் எடுத்து மெல்லிசாய்ச் சீவியிருக்கினம்." தர்சிக்கு முகம் சிவந்து போச்சு. அந்த மனுசி வயிறு குலுங்கச் சிரிச்சு, "இவ்வளவு காலமும் இதை ஒருத்தரும் இப்பிடிச் சரியாய்ச் சொல்லேல்லை" எண்டா. இப்பவும் பஸ்ஸிலை கண்டால் எனக்குக் கை காட்டுவா.

4

இனிக் காப்புக்கு வாறன்.

கேதார கௌரி விரதம் உங்களுக்குத் தெரியாததில்லை. இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாடு, கடைசி நாள் கோயிலிலை ஐயர் காப்பு நூல் கட்டுவார். பெம்பிளையளுக்கு இடக்கை, ஆம்பிளையளுக்கு வலக்கை. அடுத்த வருசம் புதுசு கட்டுமட்டும் அது கையிலைதான். போன வருசம் பவளம் பிள்ளைக்கும் சேர்த்து விரதம் பிடிச்சவ. பிள்ளையின்ரை ஆராய்ச்சி முடிஞ்சு வரவேணும் எண்டு அம்மனுக்கு நேத்தி வைச்சவ. ஒரு காப்பை அம்மன்ரை காலடியிலை வைச்சு எடுத்து, தன்ரை கையாலை நல்லா மஞ்சள் பூசிக் காயவைச்சு, உரும்பிராயிலையிருந்து இஞ்சை வந்த ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டவ. கனகம்தான் கட்டிவிட்டது. வீடியோவிலை பவளம் பார்த்துக்கொண்டு நிண்டு, "இன்னும் இறுக்கி, அக்கா, இன்னும் இறுக்கி" எண்டு சொன்னவ.

ஆய்வு அறைக்குப் போகேக்கை தர்சி தோடு, மணிக்கூடு எல்லாம் கழட்டுவாள். காப்பு கழட்டிற சாமான் இல்லை. கையுறைக்குள்ளை செருகிப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டாள். வேறை ஊர்ப் பிள்ளை எண்டால் ஒரு நூலைப் பற்றி இவ்வளவு யோசிச்சிருக்காது, கத்திரிக்கோலை எடுத்திருக்கும்.

மாரி நடுவிலை ஒருநாள் பிள்ளை வீட்டை வரேக்கையே முகம் பூரிச்சுக் கிடந்தது. அந்தக் கல்லு ஒரு தட்டாய் உரிஞ்சால், அதிலை வெளிச்சம் அடிக்கேக்கை அது தானும் சிவப்பாய் ஒளிருமாம். ரெண்டு தட்டெண்டால் மங்கிப்போகும். இவள் உரிச்ச துண்டுகளின்ரை ஓரம், இதுவரைக்கும் ஒருத்தரும் காணாதமாதிரிப் பளிச்செண்டு ஒளிருதாம். பேராசிரியை தன்ரை சக ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டினவவாம். இதை எழுதி அனுப்பினால் உலகமெல்லாம் பார்க்கும் எண்டவவாம். கனகம் கேசரி கிண்டினா. பவளத்துக்குப் போனிலை சொன்னதும், "பார்த்தியோ, அம்மன்ரை காப்பு" எண்டு அவ அழுதவ.

பிறகு ரெண்டு கிழமை போயிருக்கும். பிள்ளை சாப்பிடுறேல்லை. கேட்டால் "ஒண்டுமில்லை". ஆரும் பெடியன் விசயமோ எண்டு கனகம் என்னைக் கேட்டா. நான் விசா விசயமாக்கும் எண்டன். வதிவிட அனுமதி புதுப்பிக்கிற காலம் அது. இந்த நாட்டிலை குடிவரவுக் கந்தோரிலையிருந்து ஒரு பதில் வருமட்டும் மனுசன் சோறு தின்னாமல் இருக்கிறது நான் கண்டதுதான், நானும் இருந்தனான். ஆனால் அது ரெண்டும் இல்லை.

ஒளி சரியில்லை எண்டு அவளுக்குப் பட்டிட்டுது. சிவப்பாய் இருக்கவேண்டியது மஞ்சள்பச்சையாய் இருக்குது. கல்லு இல்லாத இடத்திலையும் பொட்டுப் பொட்டாய்த் தெரியுது. எல்லாரும் சந்தோசமாய் நிக்க, இவள் மட்டும் தனியப் போய் சின்னதைப் பெரிசாய்க் காட்டிற நுணுக்குக்காட்டியிலை போட்டுப் பார்த்திருக்கிறாள். முறுக்கின நார் ஒண்டு. பருத்தி நார். அந்த இடத்திலை பருத்தியிலை முகம் துடைக்கிற கைலேஞ்சிகூட இருக்காது. எங்கையிருந்து வந்தது எண்டு யோசிச்சுக்கொண்டு கைகழுவப் போனவளுக்குத் தன்ரை மணிக்கட்டு கண்ணிலை பட்டிட்டுது. நீல வெளிச்சம் அடிக்கிற லாம்பை எடுத்துக் காப்பிலை பிடிச்சாளாம். மஞ்சள் பூசின நூல், மின்மினிமாதிரி ஒளிர்ந்துதாம்.

ரேப்பைப் பிடிச்சு இழுத்துப் பிரிக்கேக்கை காப்பின்ரை முடிச்சு நுனி கையுறைக்கு வெளியிலை வந்து ரேப்பிலை முட்டியிருக்குது. ஒட்டுற ரேப்பெல்லோ, நாரையும் மஞ்சளையும் இழுத்து எடுத்திருக்குது. உலகம் காணாத ஒளி எண்டு அவை கொண்டாடினது, பவளம் கோப்பாயிலை பூசின மஞ்சள்.

5

நான் இந்த இடத்திலைதான் கொஞ்சம் நிண்டு சொல்லவேணும். அந்த நேரம் அந்த அறையிலை வேறை ஒருத்தரும் இல்லை. அவள் பேசாமல் விட்டிருக்கலாம். கையுறையை ரெண்டாய்ப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம். அந்தச் சந்தோசத்தைத் தன்ரை வாயாலை உடைக்கிறதுக்கு என்ன மனம் வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அவள் நேரை பேராசிரியையின்ரை அறைக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனுசி எழும்பி வந்து காப்பைக் குனிஞ்சு பார்த்தாவாம். பிறகு சொன்னாவாம்: "நாங்கள் இந்த அறையிலை காத்தைக் கழுவுறம், தண்ணியைக் கழுவுறம், சுவரைக் கழுவுறம். உன்ரை அம்மாவை நான் எதிர்பார்க்கேல்லை."

சிரிச்சுப்போட்டுத்தான் சொன்னவவாம். பிறகு, அது கழட்டக்கூடிய சாமானோ எண்டு கேட்டிருக்கிறா. இவள் இல்லை எண்டிருக்கிறாள். "அப்ப கழட்டாதை. உரிக்கிற வேலையை வேறை ஆள் செய்யட்டும், நீ அளக்கிற வேலையைப் பார்." அந்த வெள்ளைக்கார மனுசி இதைச் சொன்னதை நான் இண்டைக்கும் நினைச்சுப் பார்க்கிறனான். எங்களுக்கை எத்தினை பேர் அப்பிடிச் சொல்லுவம்?

அண்டைக்குப் பின்னேரம் பிள்ளை குசினிக்குள்ளை வந்தாள். கனகம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தவ, நான் தேத்தண்ணியோடை இருந்தனான்.

"பெரியம்மா, இதை அவிழ்க்கப் போறன்."

கத்தி நிண்டிட்டுது. "கௌரி காப்பையோ? அறுக்கக்கூடாது பிள்ளை."

"அறுக்கேல்லை. முடிச்சை அவிழ்க்கப் போறன்."

"வேறை ஆள் உரிக்கட்டும் எண்டு அந்த மனுசியே சொல்லிப்போட்டாவெல்லோ?"

"ரெண்டு வருசமாய் உரிச்சு உரிச்சு என்ரை கை பழகியிட்டுது பெரியம்மா. மற்றவை உரிச்சால் நொறுங்குது. நான் விட்டால் இன்னும் ஒரு வருசம் இழுபடும், எனக்கு அவ்வளவு காலம் இல்லை." சொல்லிப்போட்டு மணிக்கட்டைத் தடவினாள். "அம்மா இதைக் கட்டிவிட்டது நான் படிச்சு முடிக்கவேணும் எண்டு. இதாலையே அது நிண்டுபோச்சு எண்டால் அம்மனுக்கு விளங்கும்."

"அம்மனுக்கு விளங்கும். கொம்மாவுக்கு?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டன்: "கழட்டி எங்கை வைக்கப்போறாய்? மேசை லாச்சிக்குள்ளையோ?"

"லாச்சிக்குள்ளை வைக்க மனமில்லை பெரியப்பா. ஒரு கையிலை இருக்கவேணும். சும்மா கழட்டி வைச்சதாய் இருக்கக்கூடாது."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தினம்.

"இந்த மனுசனோ?" எண்டா கனகம். "கௌரி விரதத்தண்டும் ரெண்டு துண்டு மீன் பொரியன் எண்டு நிண்டவர்."

"அது பழைய மனுசன்" எண்டன் நான்.

"போன வருசமப்பா."

பிள்ளை ஒரு ஊசியை எடுத்து அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். கனகம் இறுக்கின முடிச்சு, லேசிலை விடுமோ. மூச்சுப் பிடிச்சுக்கொண்டு, இழை இழையாய், ஒண்டும் அறாமல். மூண்டு அணு மொத்தத்திலை கல்லுப் பிரிக்கிற கை எப்பிடி வேலை செய்யும் எண்டு நான் அண்டைக்குத்தான் கிட்ட இருந்து பார்த்தன். தேத்தண்ணி ஆறிப்போச்சு. அவிழ்த்த நூலைக் கண்ணிலை ஒத்திப்போட்டு என்ரை வலக்கையிலை கட்டினாள். "பத்திரம் பெரியப்பா" எண்டாள். கனகம் சாமி அறையிலை போய் ஒரு விளக்கு வைச்சா. கட்டி முடிஞ்சபிறகு, தன்ரை வெறும் மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளை கனநேரம் அழுதது. இதையும் பவளம் அறியவேணும்.

6

வந்த ஞாயிற்றுக்கிழமை அவளே தாய்க்கு வீடியோ எடுத்தாள். மறைக்கிற எண்ணம் இருந்திருந்தால் சட்டைக் கையை இழுத்து விட்டிருப்பாள். அவள் இழுத்து விடேல்லை.

"எங்கை, கையைக் காட்டு" எண்டா பவளம். "உந்தக் கையில்லை, இடக்கை."

காட்டினாள். நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பவளம் பாதி கேக்கமுந்தி, "நான் இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தது உன்ரை மெசினுக்கு இடைஞ்சலோ?" எண்டா.

"இடைஞ்சல்தான் அம்மா, ஆனால்..."

அந்த "ஆனால்" அங்காலை போகேல்லை. போன் நிண்டிட்டுது. வேறை பிள்ளை எண்டால் "இல்லையம்மா" எண்டு தொடங்கியிருக்கும். இவளுக்குப் பொய் வராது. பேராசிரியையிட்டை எப்பிடி நேரை சொன்னாளோ, தாயிட்டையும் அப்பிடியேதான். நான் பக்கத்திலை என்ரை கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டதுதான் மிச்சம். அதுக்குப் பிறகு பவளம் என்ரை போனும் எடுக்கிறேல்லை, கனகத்தின்ரையும் எடுக்கிறேல்லை. நாங்கள்தானாம் பிள்ளையைக் கெடுத்தது.

செல்வராசா மட்டும் தோட்டத்துக்குள்ளை நிண்டு எடுப்பான். பின்னாலை தண்ணி இறைக்கிற சத்தம் கேக்கும்.

"அண்ணை, நான் வாய் திறந்தால், நீங்களும் உங்கடை ஆக்களும் எண்டு தொடங்கிறாள்."

"காப்பு என்ரை கையிலை இருக்குது எண்டு சொன்னனியோ?"

"சொன்னனான். கொண்ணர் உங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திறார் எண்டுறாள். ஆரோ அவளுக்குச் சொல்லிப்போட்டினம், பிள்ளை வெள்ளைக்காரப் பெடியனோடை திரியுது, அதுதான் காப்பைக் கழட்டினது எண்டு."

"நீ நம்புறியோ?"

"நான் நம்பேல்லை. ஆனால் அவளுக்கு என்ரை கதை ஏறாது அண்ணை. ஊர் சொன்னால்தான் ஏறும்."

பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறாள். மணி அடிச்சு அடிச்சு ஓயும். பிறகு போனைக் கவிட்டு வைச்சுப்போட்டு, "பெரியம்மா, கறிக்குத் தூள் காணுமோ பாருங்கோ" எண்டு வேறை கதை கதைப்பாள்.

7

போன கிழமை எனக்கு வைத்தியசாலையிலை ஒரு ஸ்கான். அதிலை படுக்கமுந்தி ஒரு கடுதாசி நிரப்பவேணும். உடம்பிலை இரும்பு இருக்கோ, பல்லு கட்டினதோ எண்டு ஒரு கோவை கேள்வி. நேர்சுப் பிள்ளை என்ரை கையைப் பார்த்து, அந்த நூலைக் கழட்டுங்கோ எண்டா. மாட்டன் எண்டன். ஏன் எண்டு கேட்டா. "என்ரை இல்லை, இன்னொருத்தரின்ரை, நான் வைச்சிருக்கிறன்" எண்டன். அந்தப் பிள்ளை எங்கையோ போய் ஆரையோ கேட்டு, நூல்தானே எண்டு விட்டிட்டா. அந்த மெசினுக்குள்ளை படுத்துக்கிடக்கேக்கைதான் இதை ஊருக்குச் சொல்லவேணும் எண்டு யோசிச்சனான்.

நடந்ததின்ரை மிச்சத்தையும் கேளுங்கோ. தர்சி எல்லாத் துண்டையும் எறிஞ்சுபோட்டுத் திரும்ப முதலிலையிருந்து உரிச்சாள். காப்பில்லாத கையோடை. இந்த முறை ஒளிர்ந்தது நல்ல சிவப்பு, எவ்வளவு இருக்கவேணுமோ அவ்வளவுதான். உலகம் காணாத ஒளி இல்லை. ஆனால் அதிலை கட்டின மடை மூடேக்கை வடிவா மூடுது, திறக்கேக்கை வடிவாத் திறக்குது, மாசக்கணக்காய்த் திறந்து மூடியும் கசியேல்லை. அதைக் கட்டுரையாய் எழுதி அனுப்ப, ஒரு விஞ்ஞான சஞ்சிகையிலை ஏற்றுக்கொண்டிட்டினம். முதல் பேர் அவளின்ரை. வாற வருசம் படிப்பு முடியுது. அந்தப் பேராசிரியை இப்ப புதுசா வாற பிள்ளையளுக்குச் சொல்லுறாவாம், கையிலை கழுத்திலை கழட்டேலாத நூல் இருந்தால் வெக்கப்படாமல் முதலே சொல்லுங்கோ, ஒரு வழி பார்ப்பம் எண்டு. முந்தி அப்பிடியொண்டு கேக்கிற பழக்கம் அங்கை இல்லை.

இவ்வளவு நடந்தும் அந்தப் பிள்ளை தாயைப் பற்றி ஒரு குறை சொல்லேல்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்ட அண்டைக்கு, முதல் ஆளாய்த் தாய்க்குத்தான் எடுத்தவள். மணி அடிச்சு நிண்டுபோச்சு.

அதாலை, இதை வாசிக்கிறவை, ஆரும் வாசிக்கப் பக்கத்திலை இருந்து கேக்கிறவை, எனக்கொரு உதவி செய்யுங்கோ. பிழையான கதையைப் பவளத்தின்ரை காதிலை போட்டது ஊர்தான். சரியானதையும் ஊர்தான் போடவேணும். கோப்பாய்ச் சந்தையிலை கண்டாலும் சரி, இந்தமுறை நல்லூர்த் திருவிழாவிலை வீதியிலை கண்டாலும் சரி, மறிச்சுச் சொல்லுங்கோ: பிள்ளை காப்பை அறுக்கேல்லை. பெடியனும் இல்லை, ஒண்டும் இல்லை. நீ பூசின மஞ்சளை உலகத்துக்குப் புதுமை எண்டு காட்டிப் பேர் வாங்க மாட்டன் எண்டு நிண்ட பிள்ளை அது, உன்ரை வயித்திலை பிறந்தது எண்டு சொல்லுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை, உங்கடை பின்னேரத் தேத்தண்ணி நேரம், பவளம் வீட்டுப் போன் அடிக்கும். பக்கத்திலை ஆரும் நிண்டால், எடுக்கச் சொல்லுங்கோ.